புஜத்தில் ஒரு சென்சார், துபாயில் ஒலிக்காத ஒரு கைபேசி

நீரிழிவு நோய் எனக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. விரல் நுனியைக் குத்தி, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு இரத்தம் வைத்துப் பார்க்கும் கருவி வீட்டு அலமாரியில் இருந்தும், அதை மாதத்துக்கு இருமுறைகூடத் தொடாத சோம்பேறிகளில் நானும் ஒருவன். கீழக்கரையில் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், பிள்ளைகளின் தேர்வுத்தாளைத் திருத்துவதில் காட்டிய கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கையேனும் என் தட்டின்மீது காட்டியிருக்கலாமே என்று வீட்டில் அடிக்கடி கேட்பார்கள். அந்தப் பேச்சின் முடிவில்தான், துபாயில் வேலை பார்க்கும் என் மகன் தொடர் சர்க்கரை அளவீட்டுச் சென்சார் ஒன்றை வாங்கி அனுப்பினான். அதன்பின் ஐந்து சென்சார்களை நானே ராமநாதபுரத்து மருந்துக் கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். மூன்று மாதங்களில் ஆறு சென்சார்களைப் பயன்படுத்திய அனுபவமே இந்த மதிப்புரை. இதன் குறைகள் சிலவற்றைச் சொல்ல இருப்பதாலும், சந்தையில் உள்ள இதே வகைக் கருவிகள் பலவற்றுக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும் என்பதாலும் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்று அகன்ற வெள்ளை வில்லை ஒன்றைத் தோளுக்குக் கீழே, கையின் பின்புறச் சதையில் அழுத்தி ஒட்டுகிறோம். அதன் அடியிலுள்ள தலைமுடி போன்ற மெல்லிய இழை தோலுக்குள் அரை சென்டிமீட்டர் அளவுக்கு நுழைந்து நின்றுகொள்கிறது. வலி எறும்புக் கடிக்கும் குறைவு. முதல் ஒரு மணி நேரம் எதையும் காட்டாது. அதன்பின் பதினான்கு நாள்கள் இரவும் பகலும் அளந்து, அந்த எண்களைக் கைபேசிச் செயலியில் ஒரு கோடாக வரைந்துகொண்டே இருக்கும். இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. இந்த இழை அளப்பது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அன்று. உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீர்மத்தின் சர்க்கரையை. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அந்த நீர்மத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் பிடிப்பதால், சர்க்கரை விரைந்து ஏறும்போதும் இறங்கும்போதும் விரலில் குத்திப் பார்க்கும் எண்ணும் சென்சார் காட்டும் எண்ணும் ஒத்துப்போவதில்லை. முதல் வாரத்தில் இந்த வேறுபாட்டைக் கண்டு கருவி பழுது என்று நினைத்து மருந்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். சாப்பிடாமல், உட்கார்ந்த நிலையில் பார்த்தபோது இரண்டும் பத்துப் புள்ளி வேறுபாட்டுக்குள் வந்தன என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும்.

பசைதான் இதன் பெரிய குறை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் தெருவில் சித்திரை, வைகாசி மாதப் புழுக்கம் எப்படி இருக்கும் என்பதைக் குளிர்ந்த நாட்டில் இருந்துகொண்டு பசை தயாரித்தவர் அறிந்திருக்க வழியில்லை. மூன்றாவது சென்சார் ஒன்பதாம் நாளே ஓரம் தூக்கிக்கொண்டது. பத்தாம் நாள் தொழுகைக்குப் போகும் அவசரத்தில் சட்டையைக் கழற்றியபோது சட்டையோடு வந்துவிட்டது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் இரண்டு முறை பேசிய பின்னர் மாற்றுச் சென்சார் தருவதாகச் சொன்னார்கள். அது வந்துசேர மூன்று வாரங்கள் ஆயின. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அதன்பின் மேலே ஒரு துணிப் பிளாஸ்திரியை நடுவில் துளையிட்டு ஒட்டினால் பதினான்கு நாளும் தாங்குகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் அந்தக் கையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

இனி, கருவி கற்றுத்தந்ததைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில், வெள்ளைச் சீனி ஆகாது, கருப்பட்டி ஆகும் என்று நீரிழிவு உள்ளவர்களே உறுதியாகச் சொல்வார்கள். சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரும் நல்ல கருப்பட்டியைத் தட்டிப் போட்ட காப்பியை நான் பதினொரு ஆண்டுகளாக மருந்து போலக் குடித்து வந்தேன். சென்சார் ஒட்டிய இரண்டாம் நாள் காலையில், வெறும் வயிற்றில் 118 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) இருந்த கோடு அந்தக் காப்பிக்குப் பின் முக்கால் மணி நேரத்தில் 201 தொட்டது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான் என்பதைப் புத்தகத்தில் படித்தபோது நம்பாத மனம், என் கையிலிருந்தே எழுந்த கோட்டைக் கண்டதும் நம்பிவிட்டது. பரோட்டா எதிர்பார்த்தது போலவே ஏற்றியது. சாளை மீன் குழம்பையும் கீரையையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் குறைவாக உண்ட நாள்களில் மலை மேடாகத் தணிந்தது. இரவு உணவுக்குப் பின் கடற்கரைப் படகுத்துறை வரை நடந்து திரும்பினால் முப்பது, நாற்பது புள்ளிகள் குறைந்தன. என்னை வியக்கவைத்தது தொதல். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் எங்கள் ஊர்த் தொதலை உண்டபின் முதல் ஒரு மணி நேரம் கோடு பெரிதாக அசையவில்லை. ஆகா, தப்பித்தோம் என்று இன்னொரு துண்டை எடுத்தேன். கொழுப்பு நிறைந்த உணவில் சர்க்கரை மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து 240க்கு ஏறிய கோடு, இரவு முழுதும் இறங்கவே இல்லை.

இவை எல்லாம் எந்த மதிப்புரையிலும் கிடைக்கக்கூடியவை. நான் எழுத அமர்ந்ததற்குக் காரணம் இந்தக் கருவியின் பகிர்வு வசதி. நம் கைபேசிக்கு வரும் எண்ணை, நாம் ஒப்புதல் தந்த உறவினர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தங்கள் கைபேசியில் அந்த நிமிடமே பார்க்கலாம். நான் வாங்கியதில் இருபது பேர் வரை சேர்க்கலாம். அவர்கள் வரையறுத்த எல்லைக்கு மேலே போனாலோ கீழே வந்தாலோ அவர்கள் கைபேசியிலும் மணி ஒலிக்கும். மகனைச் சேர்த்தேன், அவன் மேல் எல்லையை 200 என்றும் கீழ் எல்லையை 70 என்றும் வைத்துக்கொண்டான். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பிள்ளைகள் அரபு நாடுகளில் இருக்கிறார்கள். தந்தையின் மருந்துச் சீட்டும் தாயின் எக்ஸ்ரே படமும் வாட்ஸ்அப்பில் கடல் கடந்து போய்க்கொண்டிருப்பது புதிதன்று. ஆனால் அவை நாம் தேர்ந்து அனுப்புபவை. இது நாம் அனுப்பாமலே போகிறது.

அதன் விளைவு நான் நினைத்ததைவிட விரைவாகத் தெரிந்தது. நான்காம் நாள் மாலை, நண்பர்களோடு வழக்கமான கடையில் அமர்ந்திருந்தபோது பரோட்டாத் தட்டு என் முன்னால் வந்தது. கை நீண்டது. அந்த நேரத்தில் என் கண்ணின் முன் வந்தது சிறுநீரகமோ விழித்திரையோ அன்று; பதினொரு ஆண்டுகளாக மருத்துவர்கள் அவற்றைச் சொல்லிச் சொல்லி அவற்றின் முனை மழுங்கிவிட்டது. இங்கே ஏழரை மணி என்றால் துபாயில் ஆறு, மகன் அலுவலகத்திலிருந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருப்பான், கைபேசி ஒலிக்கும், பார்ப்பான், நெற்றியைச் சுருக்குவான். அவன் திட்டமாட்டான். அவனுடைய உம்மாவுக்கும் சொல்லமாட்டான். அந்த நெற்றிச் சுருக்கம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது, தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். நோய் பத்தாண்டு கழித்துச் செய்யப்போகும் கேட்டுக்கு அஞ்சாத மனிதன், பத்து நிமிடம் கழித்து மகன் முகத்தில் வரப்போகும் கவலைக்கு அஞ்சினான். நெடுந்தொலைவில் இருக்கும் இழப்பை உள்ளூர்க் கணக்குக்குக் கொண்டுவந்ததே இந்த வில்லையின் சாதனை என்று அன்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் பாதிதான் சரி என்பதை அடுத்த வாரங்கள் காட்டின.

அன்புக்குரியவர் வருந்துவார் என்ற முன்னுணர்வு ஆளை அடக்கவும் செய்யும், ஒளிக்கவும் வைக்கும். மூன்றாம் வாரத்தில் நெருங்கிய உறவினர் வீட்டு நிக்காஹ் வந்தது. விருந்து சகனில். பெரிய தட்டில் நெய்ச்சோறும் கறியும் குவித்து வைத்துச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்ணும் அந்த முறையில் தனி ஆளின் கணக்கு என்று ஒன்று கிடையாது. அருகில் இருப்பவர் கறியை நம் பக்கம் தள்ளுவார். நாம் கை நிறுத்தினால் மற்ற மூவரும் தயங்குவார்கள். இதை முன்கூட்டியே அறிந்த நான், கைபேசியை வீட்டில் மறந்துவிட்டுப் போவது என்று தீர்மானித்தேன். மறப்பதைத் தீர்மானித்துச் செய்தேன் என்பதைக் கவனியுங்கள். சென்சாருக்கும் கைபேசிக்கும் இடையே சில மீட்டர்கள்தான் தொடர்பு இருக்கும். கைபேசி வீட்டில் இருந்தால் எண் எங்கும் போகாது என்பது என் கணக்கு. இருபது நிமிடம் கழித்து, தொடர்பு அறுந்துவிட்டது என்று கைபேசி வீட்டில் அலறத் தொடங்கியிருக்கிறது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்த என் மனைவி, அடுத்த வீட்டுப் பையனை மண்டபத்துக்கு ஓடவிட்டார். வட்டலப்பம் என்ற இனிப்பில் கையை வைத்த நேரத்தில் அந்தப் பையன் மூச்சிரைக்க வந்து நின்றான். இதோடு முடியவில்லை. சென்சார் தன்னுள்ளேயே எட்டு மணி நேரக் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கும். கைபேசி அருகில் வந்ததும் விட்டுப்போன பகுதி முழுவதையும் வரைந்துவிடும். நான் வீட்டுக்குள் நுழைந்த சில நிமிடங்களில் நெய்ச்சோறு, கறி, வட்டலப்பம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டில் எழுந்து நின்றன. இந்த வசதியைக் குறையாகச் சொல்வதா நிறையாகச் சொல்வதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

வேறொரு குறை ஐயமற்றது. பக்கவாட்டில் படுத்து உறங்கும்போது உடலின் பாரம் சென்சாரின்மேல் அழுந்தினால், அவ்விடத்தில் நீர்மத்தின் ஓட்டம் தடைப்பட்டு, சர்க்கரை தாழ்ந்துவிட்டதாகப் பொய்யாகக் காட்டும். ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு 58 என்று மணி ஒலித்தது. அங்கே நள்ளிரவு ஒன்றரை. நான் விழித்து விளக்கைப் போடும் முன்பே மகனிடமிருந்து அழைப்பு வந்தது. "வாப்பா, எழுந்திரிச்சிட்டீங்களா? சீனித் தண்ணி குடிங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றான். குரல் நடுங்கியது. விரலைக் குத்திப் பார்த்தால் 104. வலப்பக்கம் புரண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான். அவனிடம் சொன்னதும் சிரித்தான். ஆனால் காலையில் வேலைக்குப் போகவேண்டியவனின் உறக்கத்தை என் புஜத்தின் எடை கெடுத்துவிட்டது. சர்க்கரை குறைக்கும் மாத்திரைகளில் சில உண்மையாகவே ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடியவை. ஆகவே தாழ்வு மணியை அணைக்கும்படி யாருக்கும் சொல்லமாட்டேன். சென்சார் இல்லாத கைப்பக்கம் படுங்கள், மணி ஒலித்தால் விரலில் குத்தி உறுதிசெய்யுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாமல் இந்தக் கருவியை வாங்கக்கூடாது.

எட்டாவது வாரத்தில்தான் உண்மை தெரியவந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் அன்று காணொளியில் பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு வாரங்களாகக் கோடு 200ஐத் தாண்டவில்லை, உனக்கு மணி ஒலித்திருக்காதே என்று சற்றுப் பெருமையாகவே கேட்டேன். அவன் தயங்கி, "வாப்பா, அந்த மேல் எல்லை மணிய நான் முதல் வாரமே அணைச்சிட்டேன். மீட்டிங்ல எல்லாம் அடிச்சுது. கீழே போனா மட்டும்தான் எனக்குச் சத்தம் வரும்" என்றான். அப்படியானால் பரோட்டாத் தட்டைத் தள்ளிவைத்த அந்த மாலையிலேயே அந்த மணி அணைந்திருக்கலாம். நிக்காஹ் அன்று நான் கைபேசியை ஒளித்துவைத்துவிட்டுப் போனதும், மனைவி பதறியதும், பையன் ஓடிவந்ததும் யாரும் பார்க்காத ஒரு கோட்டுக்காக நடந்தவை. என்னைத் தடுத்து நிறுத்திய நெற்றிச் சுருக்கம் துபாயில் எங்கும் இருந்ததில்லை. கீழக்கரையில், என் தலைக்குள்தான் இருந்தது.

என் மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறாள். இதைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. நமக்குப் பின்னால் வரப்போகும் உணர்ச்சியை நாம் பெரும்பாலும் மிகையாகத்தான் மதிப்பிடுகிறோம் என்று டேனியல் கில்பர்ட், திமோதி வில்சன் என்ற உளவியலாளர்கள் நீண்ட காலமாக எழுதிவருவதை விளக்கினாள். நடக்கப்போகும் ஒன்று நம்மை எவ்வளவு ஆழமாக, எவ்வளவு நாள் தாக்கும் என்று கணிக்கும்போது நாம் இரண்டையும் கூட்டிச் சொல்கிறோம். தன் வருங்கால உணர்ச்சியிலேயே இப்படிப் பிழைசெய்யும் மனிதன், பிறர் மனத்தைக் கணிப்பதில் எத்தனை பிழை செய்வான் என்பதை நானே கணக்கிட்டுக்கொண்டேன். மகனின் கவலை உண்மைதான், ஆனால் அது நான் வரைந்துகொண்ட அளவில் இல்லை. அவனுக்கு வேலையும் வாகன நெரிசலும் இரண்டு குழந்தைகளும் இருக்கின்றன. அதிகாலை மூன்று மணிக்கு 58 என்றால் துடிப்பவன், மாலை ஏழரைக்கு 210 என்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவான். மருத்துவ நோக்கிலும் அவனுடைய கணக்கே சரி.

இந்தச் செய்தி தெரிந்தபின் என் கட்டுப்பாடு சரிந்துவிட்டதா என்பதே இங்கே மதிப்பிடவேண்டியது. பாதி சரிந்தது. அவனுடைய வருத்தத்துக்கு அஞ்சி விட்டுவைத்திருந்தவை, குறிப்பாக மாலை நேரத்துப் பிஸ்கட்டும் டீயும், மூன்றே நாளில் திரும்பிவந்தன. ஆனால் வேறு சில திரும்பவில்லை. காலை நடைக்குப் பின் 110க்கும் 140க்கும் இடையே படுத்திருக்கும் கோட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்புவதும், அவன் அதைப் பேரனிடம் காட்டுவதும், பேரன் மழலையில் "அப்பா பாஸ்" என்று குரல்பதிவு அனுப்புவதும் வழக்கமாகியிருந்தன. எங்கள் வீட்டில் பேரன் என்னையும் அப்பா என்றுதான் அழைக்கிறான். அந்தக் குரல்பதிவை எதிர்பார்த்துச் செய்தவை நிலைத்துவிட்டன. இதற்கும் மகளிடம் விடை இருந்தது. பேட்ரிக், சன், மக்கின்னிஸ் என்ற மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கேக்கை முன்னால் வைத்து, உண்ணாமல் இருந்தால் வரப்போகும் பெருமையை எண்ணிப் பார்க்கச் சொன்னவர்கள், உண்டால் வரப்போகும் வெட்கத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். வெட்கத்தை எண்ணும்போது மனம் கேக்கையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருக்கும் என்று நான் புரிந்துகொண்டேன். ஃபிட்ஸ்சைமன்ஸ், பார்ஜ் இருவரும் 2003இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, தாயைப் பெருமைப்படுத்தவேண்டும் என்ற விருப்பம் உள்ள மாணவர்களுக்குத் தாயின் நினைவை மெல்லத் தூண்டியபோது சொல் சார்ந்த பணியில் அவர்கள் மேலாகச் செய்ததைக் காட்டியது. இவ்வகை நினைவுத் தூண்டல் ஆய்வுகள் பல பின்னாளில் மீண்டும் செய்யப்பட்டபோது அதே முடிவைத் தரவில்லை என்பதையும் மகள் சேர்த்தே சொன்னாள்; ஆனாலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு அந்த முடிவு அயலாகத் தோன்றவில்லை.

இந்த அடிப்படையில் பார்த்தால் கருவியின் வடிவமைப்பில் ஒரு குறை தெரிகிறது. எல்லை மீறினால் மணி அடிக்கத் தெரிந்த செயலிக்கு, எல்லைக்குள் ஒரு நாள் முழுதும் நின்றதைக் குடும்பத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. 70க்கும் 180க்கும் இடையே எத்தனை விழுக்காடு நேரம் நின்றோம் என்ற கணக்கு நம் கைபேசியில் இருக்கிறது. பொதுவாக 70 விழுக்காட்டுக்கு மேல் நிற்பது இலக்கு, முதியவர்களுக்குச் சற்றுத் தளர்த்துகிறார்கள். அந்த நல்ல எண்ணைத் தேடி எடுத்து அனுப்புவது நம் வேலையாக இருக்கிறது, கெட்ட எண் மட்டும் தானாகவே புறப்பட்டுப் போகிறது.

இன்னும் சொல்லவேண்டியது என் லாத்தாவைப் பற்றி. எழுபத்தைந்து வயதாகும் என் அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் அங்கே போவேன். போனால் ஒரு தட்டு வரும். சீப்புப் பணியாரம், வட்டலப்பம், பெருநாள் சமயம் என்றால் தொதல். "தம்பி, ஒரு துண்டு தின்னா என்னடா ஆயிடும்? நான் நின்னு கிண்டுனது" என்பார். அதை மறுத்தால் அவர் முகம் எப்படி வாடும் என்பது எனக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தெரியும். உம்மா மௌத்தான பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவர் அவர். அந்தத் தட்டு வெறும் பண்டம் அன்று. ஆக, அன்புக்குரியவரின் மனத்தை எண்ணி உண்ணாமல் இருப்பதும் நான்தான், அன்புக்குரியவரின் மனத்தை எண்ணி உண்பதும் நான்தான். துபாயில் இருக்கும் கவலை கற்பனையில் வருகிறது; இரண்டு தெரு தள்ளி இருக்கும் வாட்டம் கண்ணெதிரே வருகிறது. எது வெல்லும் என்று சொல்லவேண்டியதில்லை. பதினொரு ஆண்டுகளில் என் சர்க்கரையை ஏற்றியவற்றைக் கணக்கிட்டால், என் நாக்கின் ஆசைக்கு உண்டதைவிட, பிறர் மனம் நோகக்கூடாதே என்று உண்டது அதிகமாக இருக்கும். விருந்தோம்பலில் பெயர்பெற்ற எங்கள் ஊரில் நீரிழிவு பற்றிப் பேசும் மருத்துவர்கள் இந்தக் கணக்கைக் கேட்பதே இல்லை. நீங்கள் ஏன் இனிப்பு உண்கிறீர்கள் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள், யார் தருகிறார்கள் என்று கேட்பதில்லை.

ஆறாவது சென்சார் ஒட்டிய அன்று, துணிந்து ஒரு காரியம் செய்தேன். லாத்தாவின் மருமகளுடைய உதவியோடு லாத்தாவின் கைபேசியையும் பகிர்வில் சேர்த்தேன். அவருக்கு எண் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது, நிறம் போதும். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் ஏறியிருக்கிறது, சிவப்பு என்றால் உடனே கூப்பிடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அன்று அவர் தந்த தொதலை மறுக்காமல் வாங்கி உண்டேன். இரண்டரை மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். "என்னடா இது, மஞ்சளா நிக்கிது? நான் குடுத்ததா?" என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அடுத்த முறை போனபோது தட்டில் நகக்கண் அளவு தொதலும், பக்கத்தில் ஒரு கிண்ணம் அவித்த சுண்டலும் இருந்தன. அதை உண்டுவிட்டு நான் எழும்வரை அவர் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். நான் வாங்கியபோது ஒரு சென்சார் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. மாதத்துக்கு இரண்டு என்றால் ஓய்வூதியத்தில் அது சிறிய தொகை அன்று. ஆண்டு முழுதும் ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை அடிக்கடி தாழ்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்கு இது உயிர்காக்கும் கருவி. என்னைப் போல மாத்திரையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, தங்கள் உணவு தங்களை என்ன செய்கிறது என்று கற்றுக்கொள்ள ஒட்டினால் போதும். மூன்று மாத முடிவில், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் என் எச்பிஏ1சி 8.3இலிருந்து 7.4க்கு வந்திருக்கிறது. இதில் சென்சாரின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு, லாத்தாவின் சுண்டலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. கோட்டைப் பார்த்துத் தாங்களாகவே மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. ராமநாதபுரத்தில் என்னைப் பார்க்கும் மருத்துவர் பதினான்கு நாள் அறிக்கையை அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்தபின்தான் இரவு மாத்திரையை மாற்றினார்.

யாரைப் பகிர்வில் சேர்ப்பது என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன், எந்த மணியைக் கேட்க அவருக்கு முடியும் என்று பேசிக்கொள்ளுங்கள். தாழ்வு மணி மட்டும் போதும் என்று அவர் சொன்னால் அதை அன்பின் குறைவாக எடுத்துக்கொள்ளவேண்டாம். உங்களுக்குத் தட்டு நீட்டுபவர் யாரோ அவரை முதலில் சேருங்கள். செயலியின் விளம்பரப் படத்தில் தொலைவில் இருக்கும் மகள் புன்னகையோடு கைபேசியைப் பார்க்கிறாள். அடுப்படியில் நிற்பவரின் கையில் கைபேசி இருக்கும் படம் எதையும் நான் காணவில்லை.

நோன்பு மாதத்துக்கு முன் ஏழாவது சென்சாரை வாங்குவதாக இருக்கிறேன். நோன்பு நேரத்தில் 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்று பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. நோன்பு வைக்கலாமா என்பதையே மருத்துவரிடம் முன்கூட்டிக் கேட்டிருக்கிறேன். லாத்தா இப்போதே தயாராகிவிட்டார். ஆறாவது சென்சாரின் கடைசி நாளில், மாலை ஐந்து மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, நாலு மணிக்கு 190 காட்டுச்சே, யாரு வீட்டுல தின்ன?" என்று கேட்டார். அவருடைய மருமகள் கொடுத்தனுப்பிய சீப்புப் பணியாரம் அது என்பதை அந்தப் பெண்ணின் நலன் கருதி நான் சொல்லவில்லை.